மாஸ்டர் கேட்ட இருட்டு

"மாஸ்டர் நீங்கதானே?" என்று அவள் கேட்டாள்.

"ஆமா. நீ யாரு, லைட்டுக்காரங்க அனுப்பின பொண்ணா?"

"ஆமா சார். டிசைன் நான்தான் பண்றேன்."

"பெரியவங்க யாரும் வரலையா?"

"நான்தான் சார் பெரியவங்க. எங்க ஆபீஸ்ல மொத்தமே நாலு பேர். அதுல ஒருத்தர் டிரைவர்."

அவர் சிரிக்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. வந்ததிலிருந்து அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையில என்ன?"

"லக்ஸ் மீட்டர் சார். வெளிச்சத்தை அளக்குறது."

"சரி." அவருடைய தோள் மெல்ல இறங்கியது. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "கேளு, என்ன கேக்கணும்."

"சுடுற கோட்டுல எவ்வளவு வெளிச்சம் வேணும், இலக்குல எவ்வளவு வேணும்னு சொன்னீங்கன்னா..."

"அதெல்லாம் உங்க புத்தகத்துல போட்டிருப்பான்ல? அதப் பாத்து மாட்டிக்கோ. எனக்கு வேண்டியது வேற."

"சொல்லுங்க சார்."

"இருட்டு."

அவள் எழுத எடுத்த பேனா அப்படியே நின்றது.

"வெளிச்சம் யார் வேணாலும் குடுப்பாங்கம்மா, கடையில விக்குது. எனக்கு இருட்டு வேணும். அதுலயும் தினுசு இருக்கு. பொழுது சாயற நேரத்து இருட்டு ஒண்ணு. தெருவிளக்குக்கும் தெருவிளக்குக்கும் நடுவுல இருக்கறது ஒண்ணு. வண்டி ஹெட்லைட் அடிச்சு கண்ணு கூசினதும் வர்றது ஒண்ணு. என் பசங்க பளபளன்னு லைட்டுல நின்னு பத்துக்குப் பத்து அடிக்கறானுங்க. வெளிய எவன் இவனுக்காக லைட்டப் போட்டு வச்சுக்கிட்டு காத்திருக்கான்?"

அவள் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். மழை பெய்யும் தெரு, மின்சாரம் போன கடை என்று ஐந்து ஆனது.

"அஞ்சு காட்சி ஆச்சு சார்."

"ஆறாவது ஒண்ணு இருக்கு."

"என்னது சார்?"

"மாடிப்படி. மேல் திருப்பத்துல ஒரு குண்டு பல்பு, பால் கண்ணாடி மூடி போட்டது. மூடிக்குள்ள ஒரு பக்கமா பூச்சி செத்துக் கிடக்கும், அதனால அந்தப் பக்கம் வெளிச்சம் மங்கல். கீழ்த் திருப்பத்து பல்பு பீஸ் போனது. சுவத்துல பாதி உயரத்துக்கு பச்சை ஆயில் பெயின்ட். மேல ஒருத்தன் கதவத் திறந்துக்கிட்டு வந்து நிக்கறான். வலப்பக்கக் கன்னத்துல மட்டும் வெளிச்சம். படிக்கட்டுக் கைப்பிடிச் சுவரோட நிழல் அவன் இடுப்புல விழுது. அவன் கை அந்த நிழலோட விளிம்புல இருக்கு."

"இது ஏதாவது சினிமால பாத்ததா சார்?"

"இல்லம்மா," என்றார் மாஸ்டர். "ஒரு வீட்டுல பாத்தது."

பேச்சு அத்தோடு முடிந்தது. அவர் திரும்பி நடந்தார், காலடிச் சத்தம் வரவில்லை. அந்தக் கூடத்தில் யாருடைய காலடிக்கும் சத்தம் கிடையாது.

போலீஸ்காரர்கள் சுட்டுப் பழகும் அந்த உள்ளரங்கம் நீளமான, ஜன்னல் இல்லாத ஒரு பெட்டி. குண்டுச் சத்தத்தை விழுங்குவதற்காகச் சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சுப் பலகை அறைந்திருந்தார்கள். அது குண்டுச் சத்தத்தோடு மனிதக் குரலையும் சேர்த்து விழுங்கியது. பேசினால் வார்த்தை உதட்டைத் தாண்டியதும் கீழே விழுந்துவிட்டதைப் போல இருக்கும். மருந்துப் புகை சுடுபவர் முகத்தில் அடிக்கக் கூடாது என்று பின்சுவரிலிருந்து பெரிய விசிறிகள் காற்றை எந்நேரமும் இலக்குகளின் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தன. அவள் அங்கே நின்றபோதெல்லாம் அவளுடைய தலைமுடியும் துப்பட்டா நுனியும் கையிலிருந்த வரைபடமும் ஒரே திசையில் நீண்டன. யாரோ அந்தக் கோடியில் இருந்துகொண்டு வா வா என்று இழுப்பதைப் போல அவளுக்குத் தோன்றும். வெளியே நடுப்பகல் வெயில் கொளுத்தும். உள்ளே எது பகல், எது இரவு என்பதை மாஸ்டர்தான் முடிவு செய்தார்.

பயிற்சிக்கு வரும் இளவட்டங்கள் அவருக்குப் பின்னால் அவரை ஆந்தை என்றார்கள். இருட்டில் கண் தெரியும் என்பதற்காக முதலில் வைத்த பெயராம். அது உண்மைதான். விளக்கை அணைத்துவிட்டு, யார் எந்த விரலைத் துப்பாக்கியின் எந்த இடத்தில் வைத்திருக்கிறான் என்று சொல்லுவார். "அஞ்சாவது நிக்கறவனே, விரலை வெளிய எடு. அது என்ன, மூக்கா?" என்று அவர் குரல் வரும்போது அந்த ஐந்தாவது ஆள் வெலவெலத்துப் போவான். ஆனால் பகலில் வெளியே வந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசல்படியிலேயே கொஞ்ச நேரம் நிற்பார். அதைப் பார்த்துவிட்டுப் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அது தெரியும். ஒருநாள் பலகையில் யாரோ ஆந்தை படம் வரைந்திருந்தபோது, "காது இல்லாம வரைஞ்சிருக்கான் பாரு, முட்டாப் பய" என்று சுண்ணக்கட்டியை எடுத்து இரண்டு காது வரைந்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினாராம்.

வேலை நான்கு மாதத்துக்கு மேல் இழுத்தது. விளக்குகளைக் குண்டு படாமல் காக்க, கூரையிலிருந்து சாய்வாக இரும்புத் தகடுகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு தகட்டின் முதுகுப்புறமும் விளக்கை ஒளித்தார்கள். சுடுகிறவனின் நிழல் அவனுடைய இலக்கின் மேலேயே விழாமல் கோணம் பார்த்தார்கள். பின்சுவரில் கட்டுப்பாட்டுப் பலகை வந்தது. ஒரு பொத்தானைத் தொட்டால் அந்தி, இன்னொன்றைத் தொட்டால் மழைத்தெரு. பெரிய சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்தால் எல்லா விளக்கும் முழு வெளிச்சத்தில் எரிந்து, இலக்குகளை ஓட்டும் மோட்டார் நின்றுவிடும். கோட்டுக்கு அப்பால் யாராவது போனால் கண்டுபிடிக்க, உடல் சூட்டை உணரும் சென்சார்களையும் பதித்தாள். அவை ஆள் இருப்பதாகச் சொன்னால் சுட அனுமதிக்கும் பச்சை விளக்கு எரியவே எரியாது. ஐந்து காட்சிகளும் சொன்னபடி வந்தன. மாஸ்டர் ஒவ்வொன்றையும் பார்த்துத் தலையசைத்துவிட்டு, "ஆறு?" என்று மட்டும் கேட்பார்.

பலகையில் பொறிக்க வேண்டிய எழுத்துகளைக் காட்டி ஒப்புதல் வாங்க, ஒரு விடுமுறை நாளில் அவள் அவர் வீட்டுக்குப் போனாள். பட்டப்பகலில் அந்த வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது. கூடத்தில், சமையலறையில், குளியலறையில், அலமாரிக்குள்கூட ஒரு சின்ன விளக்கு.

அவள் உட்கார்ந்து வரைபடத்தை விரித்தாள். உள்ளிருந்து ஒரு பெண்குரல், "டம்ளர், ரெண்டு" என்றது. பிறகு மாஸ்டரின் மனைவி இரண்டு டம்ளர் காப்பியோடு கதவுத் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "தட்டு" என்ற குரல். தட்டில் பிஸ்கட் வந்தது. "வெறுங்கை" என்று சொல்லிக்கொண்டு அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் திகைத்துப் பார்ப்பதைக் கண்டு அந்த அம்மாள் சிரித்தார். "எங்க வீட்டுப் பழக்கம்மா. அறைக்குள்ள வர்றதுக்கு முன்னாடி கையில என்ன இருக்குன்னு சொல்லிடணும். என் பொண்ணு ஸ்கூல் சேந்த முத நாளே, கிளாஸ் வாசல்ல நின்னுக்கிட்டு 'ஸ்லேட்டு, பென்சில், டப்பா'ன்னு கத்தியிருக்கா. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, குழந்தை ஏன் கடைக்காரன் மாதிரி வர்றான்னு கேட்டாங்க."

"இப்ப வெளியூர்ல இருக்கா. போன் பண்ணுவா," என்றார் மாஸ்டர்.

"இவர் எடுத்ததும் முதல்ல 'கையில என்ன'ம்பார். 'போன்தான்ப்பா, வேற என்ன, புட்டுக்குழலா'ன்னு அவ கேப்பா."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஆனால் சிரிக்கும்போதும் மாஸ்டரின் கண் அவள் விரலிடுக்கிலிருந்த பேனாவிலேயே இருந்தது.

அவர் கையெழுத்துப் போடக் கண்ணாடி தேடிப் போன நேரத்தில் அந்த அம்மாள் சமையலறைப் பக்கம் அவளை அழைத்தார். குரலைத் தணித்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"ஆறாவதுன்னு ஒண்ணு கேக்கறாராமே. அது என்னன்னு சொன்னாரா?"

"ஒரு வீட்டுல பாத்ததுன்னார்."

"பொண்ணு அப்ப என் வயித்துல. திருடன் பூந்துட்டான்னு ராத்திரி ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துலேருந்து போன் வந்து, இவரும் ஸ்டேஷன் ஆளுங்களும் போனாங்க. இவர் கீழ் திருப்பத்துல. மேல ஒரு ஆள் கதவத் திறந்துக்கிட்டு வந்து கையை நீட்டியிருக்கான். இவர் சுட்டுட்டார். அவன் திருடன் இல்ல, அந்த வீட்டுக்காரன். காலையில ஆபீஸ் போகணும்னு ஷூவுக்குப் பாலீஷ் போட்டு, காய வைக்க வெளிய எடுத்துட்டு வந்திருக்கான். குதிகாலைப் பிடிச்சுக்கிட்டு." அவர் தன் கையை நீட்டிக் காட்டி, உடனே மடக்கிக்கொண்டார். "அங்கயே போயிட்டான்."

அந்த அம்மாள் கூடத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"சுட்ட உடனே கூட இருந்தவங்க இவரைக் கீழ இழுத்துட்டுப் போயிட்டாங்க. அந்த ஷூவை இவர் கண்ணால பாத்ததே இல்ல. அது ஷூன்னே விசாரணையில வச்சுதான் சொன்னாங்க. படம்கூட காட்டல. போதுமான வெளிச்சம் இல்ல, அடையாளம் தெரிஞ்சிருக்க வழி இல்லன்னு முடிச்சு வேலையைத் திருப்பிக் குடுத்தாங்க. அந்த ஒரு வரியிலதான்மா இந்த வீடு நின்னுக்கிட்டு இருக்கு. இவருக்கு அது உண்மையான்னு தெரியணுமாம். இத்தனை வருஷம் கழிச்சு." அடுப்பைத் துடைத்த துணியை உதறி மடித்தார். "தெரிஞ்சு என்ன பண்ணப் போறார்னு நீயாவது கேளு. நான் கேட்டா பதில் வராது."

அவள் அதைக் கேட்கவில்லை. கேட்கும் சுபாவம் அவளுக்கு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆறாவது காட்சியைக் குத்துமதிப்பாக முடித்துவிட அவளுக்கு மனம் வரவில்லை. வெளிச்சம் போதியதா இல்லையா என்பது அவளுடைய தொழிலில் அளக்கக்கூடிய விஷயம்.

அந்தக் கட்டடம் இன்னும் இருந்தது. ஒருநாள் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு அவள் அங்கே போனாள். சம்பவம் நடந்த படிக்கட்டில் பிற்பாடு கண்ணைப் பறிக்கும் புது விளக்குகள் போட்டுவிட்டார்கள். ஆனால் அதே கட்டடத்தின் பின்பக்கத்தில், அச்சு மாறாமல் இன்னொரு படிக்கட்டு இருந்தது. அங்கே யாரும் எதையும் மாற்றவில்லை. பச்சைப் பெயின்ட், பால் கண்ணாடி மூடி, குண்டு பல்பு, மூடிக்குள் பூச்சிகள்கூட. மதிய வேளையிலும் வெளி வெளிச்சம் எட்டாமல் படிகள் மசமசவென்றிருந்தன. மாஸ்டர் கீழ்த் திருப்பத்தில் நின்றுவிட்டார். "நீ போ. நான் இங்க நின்னாத்தான் சரியா இருக்கும்," என்றார். கீழ்த் திருப்பத்து பல்பை அவரே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அவள் படிப்படியாக மீட்டரை வைத்து அளந்தாள். சுவரின் நிறத்தை ஒப்பிட்டுக் குறிக்க ஓர் அட்டை, தரைக்கு ஓர் அட்டை. மேலே அவள் குனிந்திருந்தபோது பக்கத்துக் கதவு திறந்து ஒரு பெண் வெளியே வந்தாள். கீழேயிருந்து, மூச்சோடு மூச்சாக, "குப்பைப் பை" என்ற குரல் கேட்டது. அந்தப் பெண் கையில் குப்பைப் பைதான் இருந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கி, அவரைத் தாண்டிப் போனாள். அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழி விட்டார்.

"அங்கேருந்து தெரிஞ்சுதா சார்?" என்று அவள் மேலேயிருந்து கேட்டாள்.

"பை பெருசும்மா," என்றார். "பை யாருக்கும் தெரியும்."

அளந்ததை வைத்துக் காட்சியைக் கட்டினாள். புது விளக்குகளில் அந்தப் பழைய மஞ்சள் வரவில்லை. எனவே ஒரு பழைய குண்டு பல்பையே தேடிப் பிடித்து, மூடியோடு இலக்குப் பக்கத்தில் மாட்டினாள். கைப்பிடிச் சுவருக்குப் பதிலாகப் பலகை. கதவுக்குப் பதிலாக ஒரு சட்டம். அங்கேதான் முதல் தகராறு வந்தது. ஆறாவது பொத்தானைத் தொட்டதும் கட்டுப்பாட்டுப் பலகையில் 'ஆள் உள்ளே' என்ற சிவப்பு எழுத்து எரிந்தது. கோடிவரை நடந்து பார்த்தார்கள். யாரும் இல்லை. வேறு காட்சிக்கு மாற்றினால் எழுத்து அணைந்தது. ஆறுக்கு வந்தால் மறுபடியும் ஆள் உள்ளே.

"மேடம், உங்க மிஷினுக்கு என்னவோ பிடிச்சிருக்கு," என்றார் எலக்ட்ரீஷியன். அவர் எதற்கும் அசராத மனிதர், அன்றைக்கு மட்டும் கோட்டைத் தாண்டிப் போக மறுத்துவிட்டார். "எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு. நீங்க போய்ப் பாருங்க."

ஒன்றரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் அவளுக்குப் பிடிபட்டது. தவறு அவளுடையதுதான். புது விளக்குகளையே மனதில் வைத்து சென்சார்களைப் பதித்திருந்தாள். அவை சூடாவதில்லை. பழைய பல்போ கனன்று சூடாகும். மங்கலாக எரியும்போது அந்தச் சூடு ஏறி இறங்கும். அது சென்சாருக்கு ஒரு மனிதன் அசைவதைப் போலிருந்தது. பல்பை ஒரு முழம் தள்ளி, நடுவே ஒரு தகடு வைத்ததும் எழுத்து அணைந்தது.

அவள் இதை மாஸ்டரிடம் விளக்கினாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப அது தப்பா சொல்லலையே," என்றார். "ஏன் மாத்தின?"

மறு வருடம் அவர் ஓய்வு பெற்றார். வழியனுப்பும் கூட்டத்தில் இளவட்டங்கள் அவருக்குக் கண்ணாடியில் செய்த ஓர் ஆந்தை பொம்மையைக் கொடுத்தார்கள் என்றும், அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குக் காது இருக்கு" என்று சொன்னாரென்றும் அவள் கேள்விப்பட்டாள். மகள் இருக்கும் ஊருக்கே மாறிப் போய்விட்டார்கள். அரங்கில் இன்றும் ஆறாவது காட்சியில்தான் கடைசித் தேர்வு நடக்கிறது. சுடுவதற்கு அல்ல. எதிரே நிற்பவர் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லும் தேர்வு. அது மாஸ்டர் ஏற்படுத்திவிட்டுப் போன முறை. அதற்கு முதன்முதலில் நின்றவர் அவர்தான். அவர் எதிரே நின்றது அவள்.

அது ஆறாவது காட்சியைக் கட்டி முடித்த மறுநாள், மதியச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். மாஸ்டர் ஆயுத அறையின் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். இடுப்புப் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, "வெறுங்கை, பாத்துக்கோ," என்றார். எலக்ட்ரீஷியனின் கருவிப் பெட்டியை அவளிடம் தள்ளினார். "அங்க போய் நின்னு, ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டு. நான் சுவத்தப் பாத்து நிப்பேன். நீ சொன்னதும் திரும்புவேன். திரும்பின உடனே சொல்லணும். யோசிக்க நேரம் கிடையாது."

பலகைக்குப் போகாமலே விளக்குகளை மாற்ற உதவும் சின்னத் தொடுதிரைக் கருவியை ஒரு கையில் வைத்துக்கொண்டு அவள் கோடிக்குப் போனாள். காற்று அவரிடமிருந்து அவளை நோக்கி வீசியது. அவர் குடித்த காப்பியின் வாசனை அவ்வளவு தூரம் தாண்டி அவள் முகத்தில் பட்டது. ஆறைத் தொட்டாள். எல்லாம் அணைந்து, மேலே அந்த ஒற்றை மஞ்சள் மட்டும் மெதுவாக ஊறி வந்தது.

"சரி சார்."

"டேப்பு," என்றார் அவர் திரும்பி.

"சரி சார்."

"பிளையர்."

"இது ஒயர் சீவறது சார்."

"ரெண்டும் ஒரே சாதிதான். போ, அடுத்தது."

டார்ச், கைப்பேசி, மீட்டர். திரும்பிய நொடியில் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே வந்தது. பெட்டியில் இன்னும் சாமான் இருந்தது. ஆனால் அவர் இதற்காக வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும், அவளுக்கு அது தெரியும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அவள் குனிந்து, வேலைத்தளத்தில் போட்டுக்கொள்ளும் தன் கறுப்பு ஷூவில் ஒன்றைக் கழற்றினாள். குதிகாலைப் பிடித்து, முனை முன்னால் வர, இடுப்புயரத்தில் நிழலின் விளிம்பில் நீட்டினாள்.

"சரி சார்," என்றாள். அந்த வார்த்தை வாய்க்கு வெளியே போனதாகவே தோன்றவில்லை.

அவர் திரும்பினார். உடனே எதுவும் சொல்லவில்லை. தெரியவில்லை போலிருக்கிறது என்று அவளுக்கு ஒரு நிம்மதி வரத் தொடங்கியது.

"ஷூ," என்றார். தூக்கத்தில் பேசுகிறவரின் குரல் அது. "கறுப்பு. பாலீஷ் மினுங்குது. லேஸ் அவுந்து ஒரு பக்கமா தொங்குது."

அவள் தன் கையைப் பார்த்தாள். அந்த ஷூ தூசி படிந்து வெளுத்திருந்தது. பக்கவாட்டில் ஜிப் வைத்தது. அதில் லேஸே கிடையாது.

இந்த மஞ்சளில் தன் முகம் அவருக்கு எவ்வளவு தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வலப்பக்கக் கன்னம் தெரியும். அவள் தன் கையைக் குனிந்து பார்த்ததும் தெரிந்திருக்கும். அவர் அந்தப் பக்கம் அசையாமல் நின்றார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு எட்டிய நொடியை அவளால் பார்க்க முடிந்தது. முதலில் வலது கை விரல்கள் மடங்கின, பிறகு விரிந்தன. கண்ணால் பார்த்ததே இல்லை என்று அவர் மனைவி சொன்ன ஷூவின் லேஸ் அது.

"இது அந்த மாடிப்படியோட வெளிச்சம்தானாம்மா?"

"ஆமா சார்."

"அளந்ததுதானே?"

"மூணு தடவை அளந்தேன் சார். அதேதான்."

அவர் தலையை ஆட்டினார். மேசைமேலிருந்த பட்டையை எடுக்கப் போனார், எடுக்காமல் மறுபடி கோட்டுக்கு வந்து நின்றார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முதுகைக் காட்டியபடி, கடையில் சில்லறை குறைவாக இருப்பவன் கேட்பதைப் போல, மிகவும் தணிந்த குரலில் அவளிடம் கேட்டார்.

"ஷூவை அப்படியே பிடிச்சுக்கோம்மா. வெளிச்சத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் குறைச்சு வையேன்."